பெயர் இல்லை, சாதி உண்டு

கானிங் பிரபுவின் தனி ஆர்வமாகத் தொடங்கி, 1857 கிளர்ச்சிக்குப் பின் அரசுத் திட்டமானது ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’. 1868 முதல் 1875 வரை லண்டனில் எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. முட்டை வெண்கரு பூசிய தாளில் அச்சிட்டு ஒட்டிய நானூற்றுக்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள். பெரும்பாலான படங்களின் கீழே ஆளின் பெயர் இல்லை. சாதிப் பெயரோ பழங்குடிப் பெயரோதான். கூடவே, ‘இவர்கள் குணம் இன்னது’ என்ற தீர்ப்பும்.

இன்று அவை சேகரிப்பாளர்கள் தேடும் அரும்பொருள்கள். தாள் மங்கியிருக்கிறதா, விளிம்பு கிழிந்திருக்கிறதா என்று பார்த்து விலை பேசுகிறார்கள். படத்தில் நிற்பவர் விரும்பித்தான் நின்றாரா என்ற கேள்விக்கு அந்தப் பேரத்தில் இடமில்லை.

படங்களை அழிக்கச் சொல்லவில்லை, அவை சாட்சியங்கள். காட்சிக்கு வைப்பவர்கள் ஒரு வரி சேர்க்கட்டும்: ‘இவர் பெயரை அரசு கேட்டு எழுதவில்லை; சாதியை மட்டும் எழுதியது.’