செருப்பும் வெளிச்சமும்

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பட்டறைகளில் பாடுபடுகிறவனைத் தொட்டால் தீட்டு என்று சொல்லி வந்த நம் ஜனங்களுக்கு, வீட்டில் ஒருவருக்குக் காக்காய் வலிப்பு வந்துவிட்டால் மட்டும், அவன் கைபட்ட தோலால் ஆன செருப்பே மருந்தாகிவிடுகிறது! செருப்பை மூக்கில் வைப்பதும், சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதும், பிறகு பேயென்று மந்திரவாதியைத் தேடுவதும் இன்றும் நிற்கவில்லை. வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிஷத்தில் தானே அடங்கிவிடும். அந்தப் பெருமையைச் செருப்பும் மந்திரமும் தட்டிக்கொண்டு போகின்றன.

மூளையின் நரம்பணுக்கள் வேலை செய்வது சிறு மின்சாரத்தால். அது வரம்பு மீறிப் பாய்வதே வலிப்பு. இதில் பேய்க்கு இடம் எங்கே என்று கேட்கிறோம்.

அந்த மின்சாரத்தை வெளிச்சத்தைக் கொண்டே ஏவவும் அடக்கவும் இன்று வழி கண்டிருக்கிறார்கள். குட்டைத் தண்ணீரில் வாழும் ஒருவகைப் பச்சைப்பாசியினிடம் வெளிச்சத்தை உணரும் புரதம் ஒன்று இருக்கிறது. அதை உண்டாக்கும் மரபணுவை, தீங்கு செய்யாதபடி திருத்திய வைரஸ் மூலம் நரம்பணுவில் சேர்த்தால், நீல வெளிச்சம் பட்டதும் அணு வேலை செய்கிறது. இதை 2005-ல் கார்ல் டைசராத், எட்வர்ட் பாய்டன் முதலியோர் காட்டினார்கள். வேறுவகைப் புரதம் அணுவை அடக்கும். 2013-ல் எலிகளின் வலிப்பை இவ்விதம் வெளிச்சத்தால் நிறுத்தினார்கள். கண் பார்வை இழந்த ஒருவர் இம்முறையால், தனிவகைக் கண்ணாடியணிந்து, மேஜைமேலிருந்த பொருள்களைக் கண்டறிந்த செய்தி 2021-ல் வெளிவந்தது.

மனிதரின் வலிப்புக்கு இது இன்னும் சிகிச்சையாகவில்லை. அதை ஒளிக்காமல் சொல்லுவதுதான் விஞ்ஞானத்துக்கும் மந்திரத்துக்கும் உள்ள பேதம்.

இவையெல்லாம் சீமைச் சங்கதி என்று தள்ளவும் முடியாது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் துவக்கியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். வைரஸ் மூலம் மரபணுவைச் சேர்த்து, ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவருக்கு அளித்த சிகிச்சையின் பலனை 2024-ல் வெளியிட்டதும் அங்கிருந்துதான்.

அப்படியிருந்தும், கல்யாணம் நின்றுவிடுமே, ஷூ கம்பெனி வேலை போய்விடுமே என்று பெண்ணின் வலிப்பை மறைக்கிறார்கள். வலிப்புள்ளவர் மணத்துக்கு ஆகாதவர் என்றிருந்த விதியை இந்து விவாகச் சட்டத்திலிருந்து 1999-லேயே எடுத்துவிட்டார்கள். சட்டத்துக்கு வந்த புத்தி சம்பந்திக்கு வர வேண்டாமா?

வெளிச்ச வைத்தியம் வரும்போது வரட்டும். இன்றுள்ள மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டாலே பத்தில் ஏழு பேர்வரை வலிப்பின்றி வாழலாம். ஆகையால் தோழர்களே, வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பிறகு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். செருப்பு காலிலேயே இருக்கட்டும்.