பிரான்சின் கிராமங்களில் தங்குவதும் உண்பதும்: பேணுதல் சுவைக்குப் பகை அன்று

காரைக்கால், புதுச்சேரி வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களுள் பலவற்றுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. கோடை விடுமுறையில் பெற்றோரும் உடன்பிறந்தாரும் அங்கே சென்று சில வாரங்கள் தங்கி வருகின்றனர். ஆயினும் அப்பயணம் பெரும்பாலும் பாரிஸ் நகரோடு முடிந்துவிடுகிறது. "நாட்டுப்புறம் சென்றால் ஹலால் உணவுக்கு எங்கே போவது?" என்னும் அச்சமே அதற்குக் காரணம். வேறு சிலரோ, "பயணத்தில் இதையெல்லாம் பார்க்க இயலுமா?" என்று கூறிக் கிடைத்ததை உண்டு திரும்புகின்றனர். இவ்விரண்டும் நமக்கு உகந்த வழிகள் அல்ல. தங்கும் இடத்தை அறிந்து தேர்ந்துகொண்டால், பேணுதலோடும் சுவையோடும் உண்ண அந்நாட்டுக் கிராமங்களே ஏற்ற இடங்கள் என்பது நம் கருத்து.

அச்சத்திற்கு அடிப்படை இல்லாமலில்லை. பிரெஞ்சு நாட்டுப்புறச் சமையலில் பன்றியும் மதுவும் வெளியே தெரியாமல் கலந்திருக்கும். தென்மேற்கின் புகழ்பெற்ற அவரைக் குழம்பான கசூலேயில் பன்றி இறைச்சி சேரும். லொரேன் பகுதியின் கீஷ் பார்வைக்கு முட்டைப் பணியாரம் போலிருந்தாலும் அதனுள் பன்றித் துண்டுகள் உண்டு. பர்கண்டி மாட்டிறைச்சிக் குழம்பு சிவப்பு ஒயினிலேயே வேகிறது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உண்பவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அப்பட்டியலில் பன்றியும் இல்லை, மதுவும் இல்லை. ஆகவே கேட்டறிவது நம் பொறுப்பே. 'போர்' என்றால் பன்றி, 'ஜாம்போன்' என்றால் பன்றித் தொடை, 'லார்தோன்' என்றால் பன்றித் துண்டுகள், 'சேந்தூ' என்றால் பன்றிக் கொழுப்பு. இந்நான்கு சொற்களையும் புறப்படுமுன் மனனம் செய்துகொள்வது நன்று.

இனித் தங்குமிடம். குடும்பத்தோடு செல்வோர் விடுதி அறையைக் காட்டிலும் 'ஜீத்' எனப்படும் வீட்டைத் தேர்வதே சிறந்தது. சமையலறையோடு கூடிய நாட்டுப்புற வீட்டை வாரக் கணக்கில் வாடகைக்குத் தருவது இம்முறை. முதல் ஜீத் 1951இல் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் தொடங்கப்பட்டது. 1955இல் இதற்கென நாடு தழுவிய கூட்டமைப்பு உருவாயிற்று. வீட்டின் வசதிக்கேற்ப 1 முதல் 5 வரை கோதுமைக் கதிர்களை அடையாளமாக இட்டுத் தரம் காட்டுவர். உழவர் வருமானத்திற்குத் துணையாகவும், பாழடையும் வீடுகளைக் காக்கவும் எழுந்த ஏற்பாடு இது. நாம் தரும் வாடகை பெரும்பாலும் ஒரு கிராமத்துக் குடும்பத்திற்கே சென்று சேர்கிறது. பிறர் சமைத்த பாத்திரங்களைக் குறித்து ஐயமுடையோர் சொந்தச் சட்டியும் வாணலியும் உடன் கொண்டு சென்றால் மனம் அமைதியுறும்.

சமையலறை வாய்த்தபின் சந்தைக்குச் செல்ல வேண்டும். பெரிகோர் பகுதியிலுள்ள சார்லா ஊரில் புதனும் சனியும் சந்தை கூடும். அவ்வட்டாரத்து அக்ரோட்டும் ஸ்ட்ராபெரியும் பெயர் பெற்றவை. ப்யுய் நகரின் பச்சைப் பருப்பை நம் மிளகு சீரகத்தோடு வேகவைத்தால் குழந்தைகளும் விரும்பி உண்பர். இறைச்சியை மட்டும் அருகிலுள்ள நகரத்து ஹலால் கடையில் முன்னரே வாங்கிப் பனிப்பெட்டியில் கொண்டு செல்வது நலம். பிரான்சில் அறுப்போருக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் பாரிஸ், லியோன், எவ்ரி ஆகிய மூன்று நகரங்களின் பெரிய பள்ளிவாசல்களுக்கு உண்டு.

பாலாடைக்கட்டி வாங்குவோர் ஒன்றை அறிய வேண்டும். கோந்தே, ரோக்ஃபோர் முதலியவற்றில் பாலை உறையவைக்கக் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்க்கப்படுகிறது. முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் உறைபொருளை இமாம் அபூ ஹனீஃபா தூய்மையானது என்றார். ஷாஃபிஈ மத்ஹபில் அது தூய்மையற்றது. கடற்கரைப் பகுதிகளில் மலிவாகக் கிடைக்கும் சிப்பி வகைகளிலோ நிலைமை மாறுகிறது: ஹனஃபிகள் அவற்றைத் தவிர்ப்பர், ஷாஃபிஈகளுக்குத் தடையில்லை. மரைக்காயர் வீடும் ராவுத்தர் வீடும் சேர்ந்து பயணம் செய்தால், ஒருவர் தட்டைப் பார்த்து மற்றவர் குறை கூறாதிருப்பதும் மார்க்கப் பண்பே.

ஒன்றிரண்டு இரவுகளேனும் 'ஷாம்ப்ர் தோத்' எனப்படும் இல்லத்து விருந்தினர் அறையில் தங்குவதும் நன்று. சட்டப்படி இத்தகைய இல்லங்களில் ஐந்து அறைகளுக்கு மேல் இருக்கலாகாது. காலை உணவும் கட்டணத்திலேயே அடங்கும். சில இல்லங்களில் 'தாப்ல் தோத்' என்னும் இரவு விருந்தும் உண்டு. இல்லத்தாரின் மேசையில் எல்லாருக்கும் ஒரே உணவு பரிமாறப்படும். ஆகையால், பதிவு செய்யும்போதே "இறைச்சியும் மதுவும் வேண்டா, மீனும் முட்டையும் காய்கறியும் உண்போம்" என்று எழுதிவிட வேண்டும். அன்போடு சமைத்து வைத்தபின் தட்டைத் தள்ளுவது விருந்தோம்புவாரை வருத்தும். முன்னரே அறிவிப்பது அவரைக் கண்ணியப்படுத்தும்.

வெளியே உண்ண விரும்பினால் பிரித்தானிப் பகுதியின் 'கலெத்' நமக்கு ஏற்றது. கறுப்புக் கோதுமை மாவில் வார்க்கும் இத்தோசையை முட்டையும் பாலாடைக்கட்டியும் மட்டும் வைத்துக் கேட்கலாம். கல்லில் தடவுவது வெண்ணெயா பன்றிக் கொழுப்பா என்று வினவிக்கொள்க. அங்கே கிண்ணத்தில் தரப்படும் 'சீத்ர்' பழச்சாறு அன்று. ஆப்பிளிலிருந்து புளிக்கவைத்த மதுவே. குழந்தைகளுக்கு 'ஜூ த பொம்' என்று கேட்டால்தான் ஆப்பிள் சாறு வரும். குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் உணவோடு இலவசம்.

நேரமும் கருதத்தக்கது. சிற்றூர் உணவகங்களில் மதிய உணவு 12 மணி முதல் 2 மணி வரை மட்டுமே. ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். ஜூன் இறுதியில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை மணிக்கு மேலாகும். ஆகவே ஏழரை மணி விருந்தை முடித்து, அமைதியாக மஃரிபுக்கு நிற்கலாம்.

இவையெல்லாம் வெறும் வயிற்றுக்கான யோசனைகள் அல்ல. வீட்டில் ஹலாலைப் போதித்து, வெளியூரில் அதைக் கைவிட்டால், மார்க்கம் ஊருக்கு மட்டுமே உரியது என்று பிள்ளைகள் எண்ணுவர். அச்சத்தால் எங்குமே அழைத்துச் செல்லாவிட்டால், மார்க்கம் உலகை அடைக்கும் கதவு என்று எண்ணுவர். சந்தையில் கேட்டறிந்து வாங்கி, தாயும் தந்தையும் சேர்ந்து சமைத்து, அண்டை வீட்டுப் பிரெஞ்சு மூதாட்டிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பும் குடும்பத்தில் வளரும் பிள்ளை அவ்வாறு எண்ணாது.

தூய்மையானவற்றை உண்டு நன்றி செலுத்தும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் அல்லாஹ் ஆக்குவானாக!