வீடு பேரூராட்சியில், காடு ஊராட்சியில்: எந்தச் சபையில் பேசுவது?

ஆட்டையாம்பட்டி பேரூராட்சி. எல்லை தாண்டினால் வீரபாண்டி ஒன்றியத்துக் கிராம ஊராட்சிகள். காடு எங்கிருந்தாலும், உங்கள் பெயர் எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் உள்ளதோ அங்கேதான் நீங்கள் சபை உறுப்பினர்.

சேலம் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் வீட்டுத் திண்ணையில் சொல்லிக் காரியம் முடிக்கும் வழி அதோடு அடைபட்டது. தேர்தல் நடந்து புதுத் தலைவர் வரும்வரை, நேரில் கேட்கும் இடம் கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஆள் குறைந்தால் தீர்மானம் நிற்காது.

பேரூராட்சிக்காரர்களுக்குக் கிராம சபையும் இல்லை, ஊரக வேலைத் திட்டமும் இல்லை. கவுன்சிலர் தலைமையில் பகுதி சபை உண்டு. கிராம சபை அளவுக்கு அதற்குப் பலம் போதாது என்பதே என் கருத்து. இருந்தாலும் போய் உட்காருங்கள்.

முதியோர் உதவித்தொகை வட்டாட்சியர் அலுவலக வேலை, அதற்கு இ-சேவை மையம் போதும். வண்டிப்பாதை, களம், ஓடை தூர்வாருதல் கேட்பவர்கள் சர்வே எண்ணோடு மனு கொடுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.