கல்லாகிய காட்டில் நடத்தல்

கலிபோர்னியக் கடற்கரையை ஒட்டி ரெட்வுட் என்னும் நெடுமரங்கள் வளர்கின்றன. (நம் நாட்டில் கடத்தலுக்கு உள்ளாகும் செம்மரம் வேறு, பெயரொப்புமை கண்டு மயங்க வேண்டா.) அவற்றுள் ஹைப்பீரியன் எனப் பெயரிடப்பட்ட மரம் ஏறத்தாழ 116 மீட்டர் உயர்ந்து, உலகில் அறியப்பட்ட உயிர்மரங்களுள் முதலிடம் பெற்று நிற்கிறது. காண வந்தோர் காலடியில் அதன் அடிநிலமும் புதரும் சிதைந்தன. ஆகவே, 2022ஆம் ஆண்டு பூங்கா நிருவாகம் அதனை அணுகத் தடை விதித்தது.

தொன்மையான மரங்களைக் காண நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. அண்ணாகிராமம், பண்ணுருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் செழிக்கும் செம்மண்ணுக்கு உறவான பாறைக்குக் 'கடலூர் மணற்கல்' என நிலவியலார் பெயரிட்டுள்ளனர். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் அப்பாறைப் படிவத்தில் ஒரு காடே கல்லாய்க் கிடக்கிறது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் அவை. 1940ஆம் ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கியது. 247 ஏக்கர் பரப்பில் ஏறத்தாழ 200 மரங்கள் சிதறிக் கிடக்கின்றன. சில 15 மீட்டர் வரை நீளமுடையவை.

அவற்றில் கிளையில்லை, வேரில்லை, பட்டையுமில்லை. அம்மரங்கள் அங்கேயே முளைத்தவை அல்ல. பெருவெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக் கொணர்ந்தவை என்பதற்கு அதுவே சான்று. ஆற்றுமணலில் காற்றுப் புகாமல் புதைந்ததால் அவை மட்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளில் சிறிது சிறிதாகப் படிந்து கல்லாயிற்று. ஆயினும் கணுவும் வளையக் கோடும் இன்றும் மரத்தில் உள்ளவாறே தெரிகின்றன. முதன்முறை தொடுபவர் மரமென்றே எண்ணி, அதன் தண்மையை உணர்ந்ததும் கையை இழுத்துக்கொள்வர்.

வெட்டப்பட்ட ரெட்வுட்டின் அடிக்கட்டையிலிருந்து புதுத்தளிர் எழும். கல்மரத்தில் பெயர்ந்த சில்லு மீண்டும் வளராது. அப்படியாயின் ஹைப்பீரியனைப் போல இதனையும் பூட்டிவிடலாமே என்பர் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்குவாரிகள் மிகுந்த வட்டாரம் அது. இன்னதென்று அறியாதவர் கண்ணுக்குக் கல்மரமும் வெறுங்கல்லே. அறியாத பொருளுக்காக யாரும் வாதாட வரமாட்டார். பௌர்ணமிதோறும் வக்கிரகாளியம்மன் கோயிலுக்குத் திரள்வோருள் அருகிலுள்ள இப்பூங்காவை எட்டிப் பார்ப்போர், நான் கண்டவரை, மிகச் சிலரே. பள்ளிச் சுற்றுலா என்றாலே உதகையை நினைக்கும் நாமும் அவர்களைக் குறைகூற இயலாது.

வெயில் ஏறுமுன் செல்லுதல் நன்று, நிழல் குறைவு. வகுத்த பாதையிலேயே நடக்க வேண்டும். மரங்களின்மேல் ஏறி நின்று படமெடுத்தல் கூடாது. மரம் எத்திசை நோக்கி, எந்தப் படுகையில் கிடக்கிறது என்பதைக் கொண்டே பண்டைய ஆற்றின் போக்கை ஆய்வாளர் கணிக்கின்றனர். இடம்பெயர்ந்த துண்டு அச்செய்தியை இழந்துவிடுகிறது.

ஒருமுறை மாணவர்களுடன் சென்று திரும்புமுன் பைகளைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னேன். முகம் சுளித்தவாறே கவிழ்த்தனர். ஒரு பையிலிருந்து உள்ளங்கையளவு துண்டொன்று விழுந்தது. நான்கைந்து வளையக் கோடுகள் அதில் தெளிவாகத் தெரிந்தன. தவற்றை உணர்ந்த அம்மாணவர் அதனை வைத்துவிட்டு வருவதாகச் சொல்லி ஓடினார். வெகுநேரம் தேடியும் எடுத்த இடத்தை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.