ஜே.ஆர். விட்டுச்சென்ற கணக்கு

இலங்கையின் முதலாவது நிறைவேற்று ஜனாதிபதியான ஜே.ஆர். ஜெயவர்தன 1996 நவம்பரில் காலமானார். திறந்த பொருளாதாரத்தின் தந்தை என்றும், தீர்க்கதரிசனம் மிக்க தலைவர் என்றும் அவரைப் போற்றுவோர் இன்றும் உள்ளனர். அவரது ஆட்சியைத் தொழிலாளியின் வாசலில் நின்று பார்ப்பவருக்கு வேறொரு சித்திரம் தெரியும்.

1977 பொதுத் தேர்தலில் 168 ஆசனங்களில் 140 ஐக் கைப்பற்றியது ஐக்கிய தேசியக் கட்சி. மறு வருடமே கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் உருவானது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கு தொழில் பெற்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. 1980 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் உருவானதும் அவரது காலத்திலேயே. ஆனால், வலயத்தின் வாயிற்கதவு முதலீட்டாளருக்குத் திறந்திருந்த அளவுக்குத் தொழிற்சங்கங்களுக்குத் திறந்திருக்கவில்லை. அரிசிப் பங்கீடு ஒழிக்கப்பட்டு, 1979 இல் உணவு முத்திரை வந்தது. விலைவாசி ஏறியது, முத்திரையின் பெறுமதி ஏறவில்லை.

1980 இல் பணவீக்கம் 26 சதவீதத்தைத் தொட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் கொழும்பில் ஆர்ப்பாட்டம் செய்த ஊழியர்கள் மீது தாக்குதல் நடத்தப்பட்டதில் சோமபால என்ற தொழிலாளி உயிரிழந்தார். ஜூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கோரிப் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. அரசு அவசரகாலச் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. வேலைக்குத் திரும்பாதோர் பதவியைத் தாமாகவே விட்டுச் சென்றவர்களாகக் கருதப்பட்டனர். ஏறத்தாழ 40,000 பேர் வீதிக்கு வந்தனர். கேட்டது 300 ரூபா. இழந்தது வாழ்வு முழுவதும்.

தண்டனையின் கடுமையை விட, அதன் நோக்கமே கவனத்துக்குரியது. இனி எவரும் எழுந்து நிற்கக்கூடாது என்பதே அது. மலையகத்தின் மிகப்பெரிய தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் தொண்டமான் அப்போது அமைச்சரவையில் இருந்தார். அச்சங்கம் போராட்டத்தில் இணையவில்லை. தோட்டத் தொழிலாளர் தமது சம்பளத்துக்காகத் தனியே போராட 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

தமிழர்களாகிய நாம் மறக்கக்கூடாத இன்னொன்றும் உண்டு. ஆளுங்கட்சித் தொழிற்சங்கமான ஜாதிக சேவக சங்கமயவின் குண்டர்கள் முதலில் ஏவப்பட்டது வேலைநிறுத்தக்காரர் மீதே. மூன்று வருடங்களின் பின், 1983 ஜூலை வன்செயல்களிலும் அதே அமைப்பின் கை இருந்ததாகப் பரவலாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. 1980 இல் தண்டிக்கப்படாத கை 1983 இல் எதற்கு அஞ்ச வேண்டும்? அன்று சிங்களத் தொழிலாளிக்கு நேர்ந்ததை நம்மில் பலர் தெற்கின் விவகாரம் என்றே கருதினோம். அது தவறு.

அவரை அடுத்து வந்த ஆட்சியாளர்கள் ஜே.ஆரை வாயாரக் கண்டித்தனர். ஆனால் 1979 இன் அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டத்தையும், வேலைநிறுத்தத்துக்கு எதிரான வர்த்தமானி அறிவித்தலையும் கைவிடவில்லை. ஜே.ஆர். விட்டுச்சென்ற உண்மையான சொத்து அதுதான். வாரிசுகள் கட்சி பேதமின்றி அதனை அனுபவித்தனர். 1980 ஜூலையில் தூக்கியெறியப்பட்டவர்களின் கணக்கை மட்டும் எவரும் முழுமையாகத் தீர்க்கவில்லை.