ஆட்குறைந்த அரசின் போர்

கணினியில் ஆடப்படும் போர் விளையாட்டுகளுள் ‘இம்பரேட்டர்: ரோம்’ என்பதும் ஒன்று. 2019ஆம் ஆண்டிலே வெளிவந்த இவ்விளையாட்டில், ஆட்டம் கி.மு. 304இல் தொடங்குகின்றது. ஆடுவோர் ரோமாபுரியை ஆளலாம். விரும்பின், கிரேக்க தேசத்தின் வடமேற்குக் கரையிலுள்ள எபைரஸ் என்னும் சிறிய அரசையும் ஆளலாம். பொன்னைப் போலவே ஆட்பலமும் அங்கே ஒரு கையிருப்பாகும். மாண்ட வீரருக்கு ஈடாகப் புதியவரைச் சேர்க்குந்தோறும் அது குறையும். மீண்டும் மெல்லவே நிரம்பும். ஆகவே, சண்டைதோறும் வென்ற மாணவனொருவன் ஈற்றிலே போரில் தோற்றுத் திகைத்தல் கூடும். விளையாட்டுத்தானே என்று பெற்றோர் தள்ளிவிடல் வேண்டா. எபைரஸின் மெய்யான அரசனுக்கும் நேர்ந்தது இதுவே.

பிர்ரஸ் மன்னன் கி.மு. 280இல், தரெந்தம் நகரத்தார் அழைக்க, இத்தாலிக்குக் கடல் கடந்தான். அவனுடன் சென்றோர் 20,000 காலாட்கள், 3,000 குதிரைவீரர், 2,000 வில்லாளர், 500 கவண்வீரர் என்கிறார் புளூட்டார்க், யானைகள் 20. அவ்வாண்டு ஹெராக்ளியாவிலும், மறு ஆண்டு அஸ்குலத்திலும் அவனே வென்றான். முதற் சண்டையில் ரோமர் 7,000 பேரும் அவன் பக்கத்தில் 4,000க்குக் குறைந்தோரும் மாண்டனர். இரண்டாவதில் ரோமர் 6,000, அவன் பக்கம் 3,505. இவை ஹீரோனிமஸ் என்னும் கிரேக்க ஆசிரியர் தந்த தொகைகள். இவற்றினும் பெரிய தொகை கூறுவாரும் உளர். மாணவர் கூட்டிப் பார்க்க. இரண்டு வெற்றிகளின் விலை ஏறக்குறைய 7,500 உயிர். அவர்களுள் அவனுடைய தளபதியரும் உற்ற நண்பரும் பலர். தரெந்தத்தார் முதலிய நேசர் துணைநின்றனரெனினும், பழகிய அவ்வீரருக்கு ஈடாவார் இத்தாலியில் எங்ஙனம் கிடைப்பர்?

ரோமரோ இழந்த படையணிகளை விரைவிலே நிரப்பினர். தாம் வென்ற ஊரவருட் சிலரை அவர்கள் பிரசைகளாக்கினர். ஏனையோரை நேசராக்கி, திறைக்குப் பதிலாகப் போர்வீரரைப் பெற்றனர். விடுதலை பெற்ற அடிமைக்குங்கூடப் பிரசாவுரிமை கிடைத்தது. கி.மு. 225இல் ரோமரும் நேசருமாக ஆயுதந்தாங்கத் தக்கோர் 700,000 காலாட்களும் 70,000 குதிரைவீரரும் என்பது பொலிபியஸின் கணக்கு. பிரசாவுரிமையைப் பூட்டிவைத்த ஸ்பார்த்தாவின் கதை வேறு. கி.மு. 371இல் லியூக்த்ராவிலே பொருத அதன் முழுப் பிரசைகள் 700 பேருள் 400 பேர் மடிந்தனர். அந்நாடு பின்னர்ப் பழைய நிலையை எய்தவேயில்லை.

பிர்ரஸ் தன் நிலையை அறியாதவனல்லன். ஹெராக்ளியாவின் பின் சினேயஸ் என்னும் நாவன்மை மிக்க தூதனை அனுப்பிச் சமாதானம் பேசினான். கண்பார்வையிழந்த முதியவரான அப்பியஸ் குளோடியஸ் சபைக்கு வந்து அதனைத் தடுத்தார். கி.மு. 275இல் பெனவெந்தத்துச் சண்டைக்குப் பின் அவன் நாடு திரும்பியபோது உடன் வந்தோர் 8,000 காலாட்களும் 500 குதிரைவீரருமே.

எபைரஸை ஆளும் பொறுப்பு நமக்குக் கிடைப்பின், இத்தாலியை நோக்கவே மாட்டோம். அயலிலுள்ள கிரேக்க ஊர்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். கூலிப்படைக்குப் பொன் செலவாகுமேயன்றி நம் ஆட்பலம் குறையாது. ஆதலின் முதலிற் பொருளைத் தேடுவோம். எதிரி இருவரோடு போரிடும் வேளை பார்த்து ஒரு மாகாணத்தைப் பற்றி, உடனே சமாதானஞ் செய்வோம். ரோமாபுரி நம் பேரன் காலத்துக்கு இருக்கட்டும்.