ஃபார்மட் எனும் மூடநம்பிக்கை

வெளியிலிருந்து வரும் வீடியோவைக் கணினியில் பதிவுசெய்ய உதவும் கேப்சர் கார்டைச் செருகிப் பதிவைத் தொடங்கிய சற்று நேரத்தில் கணினி அப்படியே உறைந்துவிடுகிறது. கடைக்குக் கொண்டுபோனால், பெட்டியைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: “விண்டோஸ் அடிவாங்கிடுச்சு சார், ஃபார்மட் அடிச்சுடலாம்.” கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருப்பவர், பழைய விஎச்எஸ் கேசட்டுகளை மாற்றித் தருபவர், கேம் ஆடி யூடியூபில் நேரலை விடும் இளைஞர் என எல்லோருக்கும் இந்த ஒரே மருந்துதான். இது தவறான நம்பிக்கை மட்டுமல்ல, தீங்கு செய்யும் நம்பிக்கையும்கூட.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1920×1080 அளவில் நொடிக்கு 60 பிரேம்கள். கேப்சர் கார்டுகள் பரவலாகத் தரும் சுருக்காத வடிவத்தில் ஒரு புள்ளிக்கு 2 பைட். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 249 மெகாபைட். யுஎஸ்பி 2.0-இன் வேகமோ ஏட்டளவிலேயே நொடிக்கு 60 மெகாபைட்தான். அதனால்தான் விலை மலிந்த கார்டுகள் படத்தைச் சுருக்கி அனுப்புகின்றன. வரும் ஒவ்வொரு பிரேமையும் விரிக்கும் சுமை பிராசஸர் தலையில் விழுகிறது. யுஎஸ்பி 3.0 இந்த அளவைத் தாங்கும். ஆனால் கார்டை மாட்டிய யுஎஸ்பி ஹப்பிலேயே எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கையும் மாட்டி, பதிவையும் அதிலேயே எழுதினால், இரண்டும் ஒரே இணைப்பைப் பகிர்வதால் நெரிசல் வரலாம். இந்த நெரிசலுக்கும் விண்டோஸ் பழசானதற்கும் சம்பந்தமே இல்லை. ஃபார்மட் அடித்தால் போர்ட் அகலமாகிவிடாது.

அடுத்தது டிரைவர். மதர்போர்டில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, படத்தைப் பிராசஸர் வழியாக நகர்த்தாமல் நேரடியாக நினைவகத்தில் எழுதுகிறது. அதன் டிரைவர் இயங்குவது விண்டோஸின் மையமான கெர்னலில். சாதாரண மென்பொருள் ஒன்று சறுக்கினால் அது மட்டும்தான் மூடும். கெர்னலில் இருக்கும் டிரைவர் சறுக்கினால் மொத்தக் கணினியும் நின்றுவிடும். ஃபார்மட் அடித்தபின் அதே டிரைவரை அதே சிடியிலிருந்து ஏற்றினால் அதே கோளாறுதான் திரும்ப வரும்.

“ஃபார்மட் அடிச்சதும் சரியாயிடுச்சே?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், சில சமயம் சரியாகிறது. புதிய விண்டோஸில் பின்னணியில் ஓடும் மென்பொருள்கள் குறைவு. டிரைவரின் பதிப்பு மாறியிருக்கலாம். வீட்டுக்கு வந்து திரும்ப மாட்டும்போது கார்டு வேறு போர்ட்டுக்குப் போயிருக்கலாம். குணப்படுத்தியது இவற்றில் ஒன்று; பெயர் மட்டும் ஃபார்மட்டுக்கு. இந்த மூன்றையும் ஒரு கோப்பைக்கூட இழக்காமல் செய்ய முடியும்.

இழப்போ சின்னது அல்ல. கணினி எங்கே நின்றது என்பதற்கான குறிப்புகள் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் இருக்கின்றன; ஃபார்மட் முதலில் அழிப்பது அந்தத் தடயத்தைத்தான். ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்ப்பவர்களிலும் பலர் ‘கெர்னல்-பவர் 41’ என்ற வரியைக் கண்டதும் பவர் சப்ளையைக் குற்றம் சொல்கிறார்கள். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதுதான் அந்த வரியின் பொருள். காரணம் அதற்கு முந்தைய வரிகளில் இருக்கலாம். அங்கே ‘வியா-லாகர்’ (WHEA-Logger) பிழைகள் வரிசையாக இருந்தால் ஹார்டுவேரைச் சந்தேகிக்க வேண்டும். இதைவிடக் கொடுமை, டெஸ்க்டாப்பில் சேமித்திருந்த பதிவுகளும் சேர்ந்து போய்விடுவது. தேய்ந்துபோன கல்யாணக் கேசட் இன்னொரு முறை ஓடும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்?

செய்ய வேண்டியது கடினமானதும் அல்ல. உறைந்ததும் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது. நின்றது பெரும்பாலும் பதிவு மென்பொருள்தான். விளக்கு அசையவே இல்லையென்றால் கோளாறு இன்னும் ஆழத்தில், டிரைவரிலோ ஹார்டுவேரிலோ இருக்கலாம். கேசட்டின் அதே இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றால் டேப்பின் சிக்னல் அங்கே தடுமாறுகிறது என்று சந்தேகியுங்கள். அதை நிலைப்படுத்தத் தேவை டைம் பேஸ் கரெக்டர், புது விண்டோஸ் அல்ல. பிறகு ஹப்பை விட்டுவிட்டு மதர்போர்டின் பின்பக்க யுஎஸ்பி 3.0 போர்ட்டில் நேரடியாக மாட்டுங்கள். 60 பிரேமை 30 ஆக்குங்கள், சுமை பாதியாகும். பவர் அமைப்பில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். டிரைவரைத் தயாரிப்பாளரின் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எது குணப்படுத்தியது என்று அப்போதுதான் தெரியும்.

ஃபார்மட் தேவைப்படும் நேரமும் உண்டு. வைரஸ் புகுந்து சிஸ்டம் கோப்புகள் கெட்டுப்போயிருந்தால் அது நியாயமான முடிவு. ஆனால் அப்படிப்பட்ட கணினி கார்டைக் கழற்றிய பிறகும் தொல்லை தரும். கார்டு இருக்கும்போது மட்டும் உறைவதில்லை.

ஆகவே ஃபார்மட் என்று சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கார்டைக் கழட்டிட்டு ஓட்டிப் பார்த்தீங்களா?” இல்லை என்று பதில் வந்தால் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் கைவைக்க அவரை விடாதீர்கள்.